நிற்காத கோடு

தொடங்கச் சொல்வதற்கும் நிறுத்தச் சொல்வதற்கும் அந்த இயந்திரத்தில் ஒரே குறிதான். பெயருக்கு முன்னால் குறியைப் போட்டால் எழுத்தின் மேல் கோடு விழத் தொடங்கும். பெயருக்குப் பின்னால் அதே குறியை மறுபடி போட்டால் கோடு நிற்கும். திரையில் கோடு தெரியாது, குறி மட்டும் தெரியும். கோடு எங்கே விழுந்தது, எங்கே நின்றது என்பதெல்லாம் தாளில் அச்சாகி வந்த பிறகுதான். நூர் பாஷா இதை 1987இல் பெங்களூரில் பத்து நாள் வகுப்பில் கற்றுக்கொண்டான்.

அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. அப்பா மஸ்தான் தர்மபுரி கடைவீதிக்குப் பின்னால் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். பஞ்சுத் தூசி மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்தது. அதனால் டைப்ரைட்டிங் பழக அனுப்பினார். ஆங்கிலம் ஹையர் தேறி, கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் மூன்று வருடம் தட்டினான். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஜெர்மனியிலிருந்து வரும் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கறவை மாடு கொடுப்பார்கள். தலைமை அலுவலகம் மெட்ராஸில். தர்மபுரியில் ஒரு வாடகை மாடிவீடு, ஒரு ஜீப், ஏழு பேர்.

பணம் அனுப்பியவர்களே கம்ப்யூட்டரும் வாங்கிக் கொடுத்தார்கள். அது இருந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. டைரக்டரே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். தட்டச்சில் ஒரு எழுத்து தவறினால் தாளையே மாற்றிப் பழகியவனுக்கு, தவறை அழித்துவிட்டு அடையாளமே இல்லாமல் போவது முதலில் பொய் சொல்வது போல இருந்தது. சில வாரங்களில் பழகிவிட்டது. கடிதம் அடிக்கும் மென்பொருளான வேர்ட்ஸ்டாரில் எழுத்தைத் தடிமனாக்க ஒரு குறி, அடிக்கோடிட ஒரு குறி, மேலே கோடிழுத்து அடிக்க ஒரு குறி. பக்கம் மாற்ற வேண்டுமானால் ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும். ஒரு கடிதத்துக்கு இவற்றைக் கையால் போடலாம். நானூறு பேர் உள்ள பட்டியலுக்கு முடியாது. பெங்களூரில் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனாகவே 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றான். அதில் ஒரு புரோகிராம் எழுதினான். அது பட்டியலைப் படித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய குறிகளைப் போட்டு, வேர்ட்ஸ்டார் ஃபைலாக எழுதிக் கொடுத்தது. முதல் தடவை அது சரியாக ஓடியபோது அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

அது வீட்டுப் பட்டியலுக்காக எழுதிய புரோகிராம். மொரப்பூர், பொம்மிடிப் பக்கத்து ஊர்களில் வீடில்லாதவர்களுக்கு இருநூறு வீடு கட்டித் தருவதாக நிறுவனம் முடிவு செய்திருந்தது. விண்ணப்பித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். சவுரியப்பன் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வந்தார். அவர் நிறுவனத்தின் கள அலுவலர். அதற்கு முன் பதினைந்து வருடம் பத்திர எழுத்தரிடம் நகல் எழுதியவர். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களை இங்கே விதிகளாக்கியிருந்தார். தகுதி இல்லாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது. பெயர் இருக்க வேண்டும், அதன் மேல் கோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடித்தல் இத்தனை' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

"லிஸ்ட் இங்கிலீசுல போவுது. நீங்க அடித்தல்னு தமிழ்ல எழுதறீங்களே சார், ஜெர்மன்காரனுக்குப் புரியுமா?" என்று நூர் பாஷா கேட்டிருக்கிறான்.

"புரியலன்னா கேப்பான். கேட்டாத்தான்டா நமக்கு மரியாதை. கோட்டை எண்ணி எழுதிட்டா அப்பறம் எவனும் ஒண்ணு சேக்க முடியாது, ஒண்ணு எடுக்க முடியாது."

இன்னொரு விதியும் உண்டு. விண்ணப்பித்தவர் இறந்துவிட்டால் அவருடைய எண் மனைவிக்குப் போகும். ஆனால் மனைவி பெயரை மட்டும் எழுதினால் சவுரியப்பன் ஒப்புக்கொள்ள மாட்டார். புருஷன் பெயர் மேலே, கோடிட்டு. மனைவி பெயர் அடுத்த வரியில், கோடில்லாமல். எண் ஒன்றே.

பட்டியலில் முந்நூற்றுப் பதினெட்டாவது பெயர் ஜான் பீ. நூர் பாஷாவின் அக்கா. பொம்மிடியில் புளி மண்டியில் கொட்டை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் லாரி கிளீனராகப் பெங்களூர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. போன முதல் வருடம் இரண்டு மணியார்டர் வந்தது. அதோடு சரி. மண்டிக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்து இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். மூத்தவள் பெயர் ஷகிலா. சவுரியப்பன் அங்கே விசாரிக்கப் போன அன்று நூர் பாஷா வேண்டுமென்றே விடுப்பு எடுத்தான். மறுநாள் சவுரியப்பன் நோட்டை அவன் மேசையில் வைத்தார். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே 'உண்டு' என்று எழுதியிருந்தது. அன்று முதல் ஜான் பீ மண்டியில் எல்லோரிடமும் தனக்கு வீடு வருவதாகச் சொன்னாள்.

பட்டியல் அச்சானது 1988 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை. டைரக்டர் அதை எடுத்துக்கொண்டு மொரப்பூரில் பிற்பகல் மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். காலையில் சவுரியப்பன் வந்து, மொரப்பூர்ப் பக்கம் மாதையன் என்பவர் போன வாரம் இறந்துவிட்டார், அவர் மனைவி செல்லம்மாளைச் சேர்க்க வேண்டும் என்றார். எண் இருநூற்று அறுபத்திரண்டு. நூர் பாஷா மாதையனுக்கு 'இல்லை' என்று மாற்றி, அடியில் ஒரு வரி சேர்த்து, செல்லம்மாளுக்கு 'உண்டு' என்று போட்டான். மொத்தப் பட்டியலிலும் ஒரே எண்ணில் இரண்டு பெயர் வந்தது அந்த இடத்தில் மட்டும்தான். ஒரு எண்ணுக்கு ஒரு பெயர் என்று எண்ணித்தான் அவன் புரோகிராமை எழுதியிருந்தான். அது மாதையனின் 'இல்லை'யைப் பார்த்துக் கோட்டைத் தொடங்கும் குறியைப் போட்டது. நிறுத்தும் குறி அந்த எண் முடியும் இடத்தில்தான் என்பதால் அடுத்த வரியையும் படித்தது. அங்கே 'உண்டு' என்று இருந்ததால் நிறுத்தும் குறியைப் போடவில்லை.

சேர்த்து முடித்ததும் கரண்ட் போனது, பதினொரு மணிவரை இல்லை. வந்ததும் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. முதல் ஐந்து பக்கங்களை நூர் பாஷா நோட்டோடு வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தான். எல்லாம் சரி. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்ப்பா. மெஷின்தானே பண்ணுது. அஞ்சு பக்கம் சரின்னா பதினாலும் சரிதான்."

அதற்குப் பிறகு வந்த தாள்களைச் சவுரியப்பன் வாங்கி வாங்கிக் கோடுகளை எண்ணி அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தே எண்ணினார். பத்தாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்ப்பா பாஷா, ஊருப் பேரு மேலயே கோடு வுழுந்திருக்குது. ஊரையே காலி பண்ணிட்டியா?"

நூர் பாஷா பிரிண்டரின் பின்னால் குனிந்திருந்தான். தாளின் ஓரத்துத் துளைகள் சக்கரப் பல்லிலிருந்து விலகி, தாள் கோணலாக ஏறிக்கொண்டிருந்தது.

"ரிப்பன் இழுத்திருக்கும் சார்," என்றான் திரும்பாமல்.

சவுரியப்பன் ஊர்ப் பெயரைப் பேனாவால் மேலே எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணிக்கு ஜீப் கிளம்பியது.

இருநூற்று அறுபத்திரண்டில் நிற்க வேண்டிய கோடு நிற்கவில்லை. அங்கிருந்து கடைசிவரை, நிறுத்தும் குறி தொடங்கியது, தொடங்கும் குறி நிறுத்தியது. வீடு உண்டு என்றவர்கள் மேல் கோடு விழுந்தது. இல்லை என்றவர்கள் கோடில்லாமல் வந்தார்கள். செல்லம்மாளையும் சேர்த்து எழுபத்தைந்து பேர் போனார்கள், எழுபத்தாறு பேர் வந்தார்கள். மெட்ராஸில் கூட்டிப் பார்த்தபோது இருநூற்று ஒன்று வந்தது. ஒரு வீடுதானே என்று அதையும் சேர்த்து ஒப்புதல் கொடுத்தார்கள்.

ஒப்புதல் வந்ததுமே சில ஊர்களில் ஆட்களுக்குச் சொல்லி அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள். ஒன்றரை மாதம் கழித்துத்தான் எல்லா ஊர்களிலும் பட்டியலின் நகலை ஒட்டினார்கள். மறுநாள் ஜான் பீ தர்மபுரி பஸ் ஏறி வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நூர் பாஷா சாப்பிட இறங்கியபோது அக்காவைப் பார்த்தான்.

"ஆபா, எப்ப வந்த?"

"நூரு, உன் மிஷினுக்கு என் மேல என்ன கோவம்?"

"என்ன ஆச்சு?"

"நேத்து மண்டியில சிரிக்கிறாளுங்க. கூடப் பொறந்தவன் கையாலயே கோடு போட்டுட்டானாம். நான் படிக்கத் தெரியாதவ. குள்ளம்மாளோட மகதான் படிச்சிச் சொன்னா. அந்தக் குள்ளம்மாளுக்கு ரெண்டு ஏக்கராவும் ஓட்டு வூடும் இருக்குது. அவளுக்கு வூடு வந்திருக்குதுடா."

அவன் சாப்பிடப் போகவில்லை. மேலே போய் ஃபைலைத் திறந்தான். பத்து நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்தான். மாதையன் பெயருக்குப் பின்னால் ஒரு குறி போதும். போட்டான். பதினான்கு பக்கமும் மறுபடி அச்சடித்தான். எல்லாப் பெயரும் சரியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சவுரியப்பனிடம் போனான்.

"இது எது?"

"சரியான லிஸ்ட் சார்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டது?"

நூர் பாஷா சொன்னான். புரியவில்லை என்று தோன்றியதும் அவரைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பழைய ஃபைலையும் காட்டினான், புதிய ஃபைலையும் காட்டினான்.

"எங்கப்பா கோடு? ரெண்டுலயும் கோடே காணம். எல்லாம் சுத்தமா இருக்குது."

"திரையில தெரியாதுங்க சார். இந்தக் குறி இருக்குதுல்ல..."

"குறி இருக்கட்டும். இந்தப் புது லிஸ்ட்ல உங்க அக்கா பேரு?"

அவன் புதிய தாளில் முந்நூற்றுப் பதினெட்டைக் காட்டினான்.

"அதுல அடிச்சிருக்குது. இதுல அடிக்கல. சரியா?"

"எழுவத்தஞ்சு பேருக்கு அப்படித்தான் சார்."

"எனக்கு எழுவத்தஞ்சும் தெரியும். ஊருக்கு ஒண்ணுதான் தெரியும்."

சொல்லிவிட்டுச் சவுரியப்பன் தன் அறைக்குப் போனார். பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தார். முந்நூறிலிருந்து நான்கைந்து பெயர்களை விரல் வைத்துப் பார்த்தார். நோட்டை மூடினார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வா, டைரக்டர்கிட்ட போலாம். நீ பேசாத. நான் பேசறன்."

டைரக்டர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. மின்விசிறியை ஒரு சுற்று குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அஸ்திவாரம் தோண்டியாச்சு, தெரியும்ல?"

"தெரியுங்க ஐயா," என்றார் சவுரியப்பன். "நாப்பது எடத்துல."

"ஆட்டை வித்துச் செங்கல் இறக்கியிருக்கான் ஒருத்தன். அவன்கிட்ட போயி, உனக்கில்ல, மெஷின் தப்பாச் சொல்லிடுச்சுன்னு சொன்னா, அப்புறம் ஜீப் அந்த ஊருக்குள்ள போக முடியுமா?"

"முடியாதுங்க."

"மெட்ராஸுக்கு என்னன்னு எழுதறது? ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எண்ணினது தப்பா?"

சவுரியப்பன் தரையைப் பார்த்தார். "எண்ணினது சரிதாங்க ஐயா," என்றார்.

பேசக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததை மறந்து நூர் பாஷா பேசினான். "தப்பு என்னோடதுங்க ஐயா. என் புரோகிராம்தான். அவரோடது இல்லைங்க. நானே எழுதிக் கொடுத்துடறன். வேலையை விட்டு எடுத்துட்டாலும் சரிங்க."

"உன்னை எடுத்தா லிஸ்ட் மாறிடுமா?"

டைரக்டர் சவுரியப்பனை அனுப்பிவிட்டார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்கா நிலைமை எனக்குத் தெரியும்ப்பா. ஒரு வீடு கூட்டிக் கேட்டா மெட்ராஸ்ல மறுக்க மாட்டாங்க. விட்டுப்போன பெயர்னு ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டா. நான் கையெழுத்துப் போடறேன்."

"மத்தவங்க ஐயா?"

"அடுத்த திட்டம் வரும்போது பார்ப்போம்."

"அந்த ஒண்ணை செல்லம்மாளுக்குக் கொடுக்கலாங்களா? புருஷன் செத்து..."

"யாருக்குன்னு நீ அடிச்சுக் கொண்டா. ஒரு பெயர்தான். நாளைக்குள்ள."

அன்று சாயங்காலம் நூர் பாஷா பொம்மிடிக்குப் போனான். ஜான் பீ கொட்டகையின் வாசலில் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு புளி தட்டிக்கொண்டிருந்தாள். கருங்கொட்டைகள் ஒரு பக்கம் தெறித்துக்கொண்டிருந்தன. அவன் எல்லாவற்றையும் சொன்னான். டைரக்டர் சொன்னதையும் சொன்னான். செல்லம்மாளைப் பற்றியும் சொன்னான். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"எழுவத்தஞ்சு பேரு, ஆபா. எல்லாம் நான் பண்ணது."

"எழுவத்தஞ்சு பேருக்கும் உன்னால திருப்பி வாங்கித் தர முடியுமா?"

"முடியாது."

"எனக்கு முடியுமா?"

"முடியும்."

"அப்பறம் எதுக்கு பஸ்சுக்குக் குடுத்து வந்து என்கிட்ட கேக்கற? நான் வேணாம்னு சொல்லுவன்னு பாத்தியா?"

அப்படித்தான் எதிர்பார்த்து வந்தான் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஷகிலா பெரிய மனுசியாகி நாலு மாசம் ஆவுது. இந்த எடத்துக்குக் கதவு இல்ல, நூரு. மண்டிக்கு லாரி வந்தா டிரைவருங்க இந்தப் பக்கந்தான் வந்து படுக்கறானுங்க. நான் சாக்கைக் குறுக்கப் போட்டு அது மேல படுத்துக்கறன்." அவள் மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அந்தம்மா யாரு, செல்லம்மாளா, எனக்கும் பாவமாத்தான் இருக்குது. நீ என் பேரை எழுது."

மறுநாள் காலை அவன் கடிதத்தை அடித்தான். நான்கு வரி. தடித்த எழுத்து இல்லை, அடிக்கோடு இல்லை, ஒரு குறியும் இல்லை. தட்டச்சில் அடித்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். டைரக்டர் கையெழுத்துப் போட்டார். சவுரியப்பன் தபால் நோட்டில் எண் கொடுத்தார். நூர் பாஷாவின் முகத்தைப் பார்க்காமல், "அக்காவைக் கேட்டன்னு சொல்லு," என்றார்.

அடுத்த வருடம் மே மாதத்துக்குள் வீடுகள் முடிந்துவிட்டன. ஜான் பீயின் வீட்டுக்கு இரண்டு கதவு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குள்ளம்மாள் தனக்கு வந்த வீட்டில் வைக்கோல் போட்டாள் என்று ஜான் பீ சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து வீடு அது.

நூர் பாஷா புரோகிராமைத் திருத்தி எழுதினான். ஒரு எண்ணில் எத்தனை பெயர் வந்தாலும் இனி தவறாது. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துப் பாராட்டி, மற்ற மாவட்டங்களுக்கும் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். அவனுடைய சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு தடவை அப்பாவிடம் சொன்னான். "விட்டுட்டு?" என்று கேட்டார் மஸ்தான். வாயில் ஊசி நூல் இருந்தது.

பெயர் போனவர்களில் பாதிப் பேர் ஒரு தடவை வந்து கேட்டார்கள். கீழேயே பதில் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை வந்தவர்கள் நான்கைந்து பேர். அதற்கு மேல் வந்தது செல்லம்மாள் மட்டும்தான்.

முதல் தடவை அவள் மாடிக்கு வந்தபோது நூர் பாஷாவுக்கு யாரென்று தெரியவில்லை. ஒல்லியான கிழவி. கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றாள். கழற்றுவதற்குக் காலில் செருப்பு இல்லை.

"நீதான சாமி ஜான் பீ தம்பி?"

"ஆமாங்க ஆத்தா. நீங்க?"

"மாதையன் பொண்டாட்டி. உங்க அக்காவுக்கு வூடு வந்துருச்சாமே. பொம்மிடிச் சந்தையில பாத்தன். நல்லா இருக்கட்டும். வயசுப்புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போவும், பாவம்." அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "எல்லாரு பேரும் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குதாம். எம் பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லு. கீழ இருக்கறவங்க சொல்றது எனக்கு வெளங்கல."

அவன் எழுந்து நாற்காலியைப் போட்டான். அவள் உட்காரவில்லை. அவன் திருத்திய ஃபைலைத் திறந்தான். இருநூற்று அறுபத்திரண்டுக்கு வந்தான்.

"இருக்குதுங்க."

"படி."

"லேட் மாதையன். மனைவி செல்லம்மாள்."

"அவரு பேருமா இருக்குது?"

"இருக்குதுங்க."

"எம் பேரு மேல கோடு இல்லையே?"

அவன் திரையைப் பார்த்தான். குறி மாதையனோடு முடிந்திருந்தது.

"உங்க பேரு மேல இல்லைங்க."

"அப்ப வரும். லேட்டானாலும் வரும்," என்றாள் செல்லம்மாள். முந்தானையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "நம்பரை இதுல எழுதிக் குடு. யாராச்சும் கேட்டா காட்டறன்."

அவளிடம் சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அவளுக்குக் கேட்டிருக்கக்கூடிய அந்த ஒரு வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதும் அதில் வந்தது. டிக்கெட்டை வாங்கித் திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தான். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மொரப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஒண்ணே காலுக்கு இருக்குதுங்க."

அடுத்த மாதமும் அவள் வந்தாள். அவன் மறுபடி ஃபைலைத் திறந்து படித்துக் காட்டினான்.